85 லட்சம் கணினிகளை முடக்கிய 21-வது கட்டம்: சாஃப்ட்வேர் டெஸ்டிங் என்றால் என்ன? எத்தனை வகை? எது எதற்கு? - முழு விளக்கம்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9.39 மணி. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க சைபர் பாதுகாப்பு நிறுவனம், விண்டோஸ் கணினிகளுக்கு வழக்கமான ஒரு சின்ன அப்டேட்டை அனுப்பியது. சில நிமிடங்களிலேயே உலகம் முழுக்க கணினித் திரைகள் நீல நிறமாகின. ரீஸ்டார்ட் பண்ணினால் மறுபடியும் நீலத் திரை.

விமானங்கள் ரத்தாகின. மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்கு கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அந்தப் படம் அன்று வைரலானது பலருக்கு நினைவிருக்கும்.

தவறான அப்டேட்டை நிறுவனம் 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது.

எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "இதை டெஸ்ட் பண்ணவே இல்லையா?"

பண்ணினார்கள் என்பதுதான் உண்மை. ஆனால் 'டெஸ்ட் பண்ணியாச்சு' என்ற ஒரே வார்த்தைக்குள் இருபது முப்பது விதமான சோதனைகள் இருக்கின்றன. ஒன்று பிடிக்கும் தவறை இன்னொன்று பிடிக்காது. அந்த வகைகள் என்ன, எது எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்? வாங்க, எளிமையாகப் பார்க்கலாம்.

குவாலிட்டி அஷ்யூரன்ஸ் வேறு, டெஸ்டிங் வேறு

இரண்டும் ஒன்று என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஐ.டி. துறையிலேயே டெஸ்டிங் வேலை பார்ப்பவரை 'க்யூ.ஏ' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் வித்தியாசம் உண்டு.

ஒரு ஹோட்டல் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசியை எத்தனை மணி நேரம் ஊற வைக்கணும், மாவு எவ்வளவு நேரம் புளிக்கணும், தண்ணீர் எங்கிருந்து எடுக்கணும் என்று முறை வகுத்து, அதன்படிதான் நடக்கிறதா என்று பார்ப்பது குவாலிட்டி அஷ்யூரன்ஸ். இட்லி வெந்த பிறகு ஒன்றை எடுத்துப் பிட்டுப் பார்ப்பது டெஸ்டிங்.

முதலாவது தவறு வராமல் தடுக்கப் பார்க்கிறது. இரண்டாவது வந்துவிட்ட தவறைக் கண்டுபிடிக்கிறது. இரண்டுமே வேண்டும்.

சரி, எழுதியவரே சரிபார்த்துவிட்டால் போதாதா? போதாது. செய்தி எழுதியவர் கண்ணுக்கு அவருடைய எழுத்துப்பிழை தெரியாது. மனசு சரியான வார்த்தையைத்தான் படிக்கும். அதனால்தான் இன்னொருவர் பார்க்கிறார். கோடு எழுதும் டெவலப்பருக்கும் இதே கதைதான்.

பெட்டியைத் திறந்து பார்ப்பதா, மூடியே பார்ப்பதா?

டெஸ்டிங் வகைகளைப் பல விதமாகப் பிரிக்கலாம். முதல் பிரிவு, சோதிப்பவருக்கு உள்ளே இருக்கும் கோடு தெரியுமா என்பது.

பிளாக் பாக்ஸ் டெஸ்டிங்: உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள். பயனர் போலவே பயன்படுத்துவார்கள். பணம் அனுப்பும் ஆப்பில் 500 ரூபாய் அனுப்பினால் அந்தப் பக்கம் 500 போய்ச் சேர்ந்ததா? இந்தப் பக்கம் 500 குறைந்ததா? அவ்வளவுதான் கேள்வி.

வொயிட் பாக்ஸ் டெஸ்டிங்: கோடைத் திறந்து வைத்து, அதன் ஒவ்வொரு பாதையும் வேலை செய்கிறதா என்று பார்ப்பது. 'இணையம் பாதியில் துண்டித்தால் பணத்தைத் திருப்பு' என்று ஒரு வரி எழுதியிருந்தால், அந்த வரி உண்மையிலேயே ஓடுகிறதா என்று சோதிப்பார்கள்.

கிரே பாக்ஸ் டெஸ்டிங்: இரண்டுக்கும் நடுவில். வெளியிலிருந்து ஆப்பைப் பயன்படுத்திவிட்டு, உள்ளே டேட்டாபேஸில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்ப்பது.

எது பெஸ்ட்? எதுவுமே தனியாக பெஸ்ட் இல்லை. ஒரு வசதியை டெவலப்பர் எழுதவே மறந்துவிட்டால் வொயிட் பாக்ஸ் கண்டுபிடிக்காது. இல்லாத வரியை எப்படிச் சோதிப்பது? அதை பிளாக் பாக்ஸ் பிடித்துவிடும். அரிதாக மட்டும் ஓடும் ஒரு வரியில் தவறு இருந்தால் பிளாக் பாக்ஸ் தவறவிடலாம், வொயிட் பாக்ஸ் பிடித்துவிடும்.

நான்கு படிகள்: யூனிட் முதல் அக்செப்டன்ஸ் வரை

இரண்டாவது பிரிவு, எந்தக் கட்டத்தில் சோதிக்கிறார்கள் என்பது. பொங்கலுக்கு ஊருக்குப் போக பஸ் டிக்கெட் எடுக்கும் ஒரு ஆப்பை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

1. யூனிட் டெஸ்டிங்

ஆப்பின் மிகச் சிறிய துண்டைத் தனியாக எடுத்துச் சோதிப்பது. கட்டணம் கணக்கிடும் பகுதி ஒரு துண்டு. 60 வயது ஆனவர்களுக்குச் சலுகை என்று வைத்துக்கொள்வோம். 59, 60, 61 என்று மூன்று வயதும் கொடுத்துப் பார்ப்பார்கள். தவறு பெரும்பாலும் எல்லைக் கோட்டில்தான் ஒளிந்திருக்கும். '60-க்கு மேல்' என்பதும் '60 மற்றும் அதற்கு மேல்' என்பதும் கோடில் ஒரே ஒரு குறி வித்தியாசம். பவுண்டரி வேல்யூ அனாலிசிஸ் என்று இதற்குப் பெயர்.

இதை பெரும்பாலும் டெவலப்பரே செய்வார். வேகமானது, செலவு குறைவு. ஆனால் துண்டு துண்டாகச் சரியாக இருப்பதால் முழு ஆப்பும் சரி என்று அர்த்தமில்லை.

2. இன்டக்ரேஷன் டெஸ்டிங்

இரண்டு துண்டுகளைச் சேர்த்தால் ஒன்றோடு ஒன்று சரியாகப் பேசிக்கொள்கிறதா என்பது. சீட் தேர்வு செய்யும் பகுதியும் பணம் கட்டும் பகுதியும் தனித்தனியாக நன்றாகவே ஓடும். சேர்த்தால், பணம் போய்விடும், சீட் வராது. பலருக்கு இந்த அனுபவம் இருக்கும்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர். 1998 டிசம்பரில் கிளம்பிய இந்த விண்கலம், 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கியபோது தொலைந்தது. லாக்ஹீட் மார்ட்டின் தரப்பு மென்பொருள் உந்துவிசைக் கணக்கை பவுண்டு அலகில் கொடுத்தது. நாசா தரப்பு மென்பொருள் அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு. விளைவு, சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் போக வேண்டிய விண்கலம் சுமார் 57 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட்டது.

இரண்டு மென்பொருளும் தன் கணக்கைத் தானாகச் சரியாகத்தான் போட்டன. இரண்டையும் சேர்த்து உட்காரவைத்து முழுமையாகச் சோதித்திருந்தால் முதல் நாளிலேயே தெரிந்திருக்கும்.

3. சிஸ்டம் டெஸ்டிங்

எல்லாத் துண்டுகளையும் சேர்த்து, உண்மையான சூழலுக்கு மிக நெருக்கமான சூழலில் ஓட்டிப் பார்ப்பது. நம் பஸ் ஆப்பில், லாகின் செய்வதிலிருந்து எஸ்.எம்.எஸ் வருவது வரை முழுப் பயணம்.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்திலேயே, கிளம்பி ஏறத்தாழ 40 விநாடிகளில் வெடித்துச் சிதறியது. காரணம், முந்தைய ஏரியன் 4 ராக்கெட்டில் பல ஆண்டுகள் சரியாக ஓடிய மென்பொருளை அப்படியே எடுத்து இதில் வைத்தது. புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். அந்தப் பெரிய எண், 32,767 வரை மட்டுமே கொள்ளக்கூடிய இடத்தில் அடங்கவில்லை. வழிகாட்டும் கருவி நின்றுபோனது. மாற்றாக வைத்திருந்த இன்னொரு கருவியிலும் அதே மென்பொருள்தான். அதுவும் நின்றது.

விசாரணைக் குழு சொன்ன முக்கியமான விஷயம், தரையில் நடந்த முழு அமைப்புச் சோதனைகளில் அந்த வழிகாட்டும் கருவியை உண்மையாக இணைத்து ஓட்டிப் பார்க்கவே இல்லை என்பது. அதற்குப் பதிலாக அதைப் போல நடிக்கும் ஒரு சிமுலேஷனை வைத்திருந்தார்கள். 'ஏற்கெனவே ஓடிய மென்பொருள்தானே' என்ற நம்பிக்கைதான் ராக்கெட்டை விழுங்கியது.

4. அக்செப்டன்ஸ் டெஸ்டிங்

இதுதான் கம்பெனிகளில் 'யூ.ஏ.டி' என்று சொல்வது. கேட்டதைக் கொடுத்தார்களா, நாம் பயன்படுத்த முடிகிறதா என்று வாடிக்கையாளரோ பயனரோ பார்ப்பது. பஸ் ஆப் எல்லாச் சோதனையிலும் பாஸ் ஆகியிருக்கும். ஆனால் கவுன்டரில் இருக்கும் ஊழியர் டிக்கெட்டை ரத்து செய்ய ஏழு திரை தாண்ட வேண்டியிருந்தால் அவர் 'வேண்டாம்' என்றுதான் சொல்வார்.

ஆல்ஃபா, பீட்டா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நிறுவனத்துக்குள்ளேயே சோதித்தால் ஆல்ஃபா. வெளியே குறிப்பிட்ட பயனர்களிடம் கொடுத்துச் சோதித்தால் பீட்டா. உங்கள் போனில் ஒரு ஆப்பின் 'பீட்டா' பதிப்பு இருந்தால், சம்பளம் இல்லாத டெஸ்டர் நீங்கள்தான்.

ஸ்மோக், சானிட்டி, ரீடெஸ்டிங், ரிக்ரெஷன்: குழப்பும் நான்கு பெயர்கள்

இன்டர்வியூவில் தவறாமல் கேட்கும் கேள்வி இது. ஒன்றொன்றாகப் பார்ப்போம்.

ஸ்மோக் டெஸ்டிங்: புதிய பதிப்பு வந்ததும் அடிப்படை வேலை செய்கிறதா என்று மேலோட்டமாகப் பார்ப்பது. ஆப் திறக்கிறதா? லாகின் ஆகிறதா? இதிலேயே ஃபெயில் என்றால் மேற்கொண்டு சோதிப்பது வீண். திருப்பி அனுப்பிவிடுவார்கள். மின்கருவிக்கு முதன்முறை கரன்ட் கொடுத்து புகை வருகிறதா என்று பார்ப்பதிலிருந்து வந்த பெயர்.

சானிட்டி டெஸ்டிங்: மாற்றம் செய்த அந்தக் குறிப்பிட்ட பகுதி மட்டும் ஒழுங்காக இருக்கிறதா என்று சுருக்கமாகப் பார்ப்பது. ஸ்மோக் அகலமானது, ஆழம் இல்லை. சானிட்டி குறுகலானது, கொஞ்சம் ஆழம் உண்டு.

ரீடெஸ்டிங்: நேற்று சொன்ன தவறை டெவலப்பர் சரிசெய்துவிட்டேன் என்கிறார். அதே தவறை மறுபடி சோதித்துப் பார்ப்பது.

ரிக்ரெஷன் டெஸ்டிங்: அந்த ஒன்றைச் சரிசெய்யப் போய், இதுவரை நன்றாக இருந்த வேறு எதுவும் கெட்டுவிட்டதா என்று பார்ப்பது. சமையலறைக் குழாயைச் சரிசெய்த பிறகு பாத்ரூமில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது மாதிரி.

ரிக்ரெஷனைத் தவிர்த்தால் என்ன ஆகும்? அமெரிக்கப் பங்குச்சந்தை நிறுவனமான நைட் கேபிட்டலைக் கேட்டால் தெரியும். 2012 ஆகஸ்ட் 1 அன்று, புதிய மென்பொருளை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டிய இடத்தில் 7-ல் மட்டும் ஏற்றினார்கள். எட்டாவதில், பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாத ஒரு பழைய கோடு உயிர்பெற்றது. வாங்கவேண்டிய அளவு முடிந்தாலும் நிற்காமல் ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம்.

அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் விசாரித்தபோது தெரியவந்தது இதுதான். 2005-ல், எண்ணிக்கையைச் சரிபார்த்து நிறுத்தும் பகுதியை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய பிறகு அந்தப் பழைய கோடு சரியாக ஓடுகிறதா என்று மறுபடி சோதிக்கவில்லை. ஏழு வருடம் முன்பு செய்யாமல் விட்ட ஒரு சோதனைக்கு ஒரே காலையில் விலை கொடுத்தார்கள்.

வேலை செய்கிறதா? எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது?

இதுவரை பார்த்தவற்றில் பெரும்பாலும் கேட்ட கேள்வி 'வேலை செய்கிறதா' என்பது. இது ஃபங்ஷனல் டெஸ்டிங். வேகம், பாதுகாப்பு, பயன்பாட்டு எளிமை போன்றவற்றைப் பார்ப்பது நான்-ஃபங்ஷனல் டெஸ்டிங். பொதுமக்கள் திட்டித் தீர்க்கும் பெரும்பாலான பிரச்சினைகள் இந்த இரண்டாவது வகைதான்.

லோட் டெஸ்டிங்: எதிர்பார்க்கும் கூட்டம் வந்தால் தாங்குமா? காலை 10 மணிக்கு ஏ.சி தட்கல் திறக்கும்போது ரயில்வே இணையதளத்துக்கு வரும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள்.

ஸ்ட்ரெஸ் டெஸ்டிங்: எதிர்பார்த்ததைவிட அதிகக் கூட்டம் வந்தால் எந்த இடத்தில் உடையும்? உடைந்த பிறகு தானாக எழுந்து நிற்குமா?

சோக் டெஸ்டிங்: தொடர்ந்து பல மணி நேரம், பல நாள் ஓடினால் மெதுவாகிவிடுகிறதா?

2013 அக்டோபர் 1 அன்று அமெரிக்காவில் 'ஒபாமாகேர்' மருத்துவக் காப்பீட்டுக்கான அரசு இணையதளம் திறக்கப்பட்டது. ஒரே நேரத்தில் 50,000 முதல் 60,000 பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது சுமார் 2.5 லட்சம் பேர். முதல் நாள் வெற்றிகரமாகச் சேர்ந்தவர்கள் 6 பேர் மட்டுமே என்று பிறகு வெளியான ஆவணங்கள் காட்டின. முழு அமைப்பையும் சேர்த்து நடத்தும் சோதனை, திறப்பு விழாவுக்கு இரண்டு வாரம் முன்புதான் தொடங்கியது என்று ஒப்பந்த நிறுவனங்கள் நாடாளுமன்றக் குழு முன் சொன்னார்கள்.

நமக்கும் இந்த அனுபவம் உண்டு. 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கொரோனா தடுப்பூசி முன்பதிவு தொடங்கியபோது கோவின் தளம் முதலில் திணறியது. ஓ.டி.பி வரவில்லை என்று நாடு முழுக்கப் புகார். பிறகு சரியானது.

செக்யூரிட்டி டெஸ்டிங்: திருடன் போல யோசித்து உள்ளே நுழையப் பார்ப்பது. அனுமதி பெற்று இப்படி நுழைந்து பார்ப்பதற்கு பெனட்ரேஷன் டெஸ்டிங் என்று பெயர். உங்கள் டிக்கெட் எண் 1001 என்றால், இணைய முகவரியில் 1002 என்று மாற்றினால் அடுத்தவர் டிக்கெட் தெரிகிறதா? தெரிந்தால் பெரிய ஓட்டை.

கம்பேட்டிபிலிட்டி டெஸ்டிங்: 80 ஆயிரம் ரூபாய் போனில் ஓடுவது 8 ஆயிரம் ரூபாய் போனிலும் ஓடுகிறதா?

அக்சஸிபிலிட்டி டெஸ்டிங்: பார்வை இல்லாதவர் ஸ்க்ரீன் ரீடர் வைத்து இந்த ஆப்பைப் பயன்படுத்த முடிகிறதா? 'பட்டன், பட்டன், பட்டன்' என்று மட்டும் அது வாசித்தால் ஃபெயில்.

தமிழில் சோதித்தார்களா?

லோக்கலைசேஷன் டெஸ்டிங் என்று ஒரு வகை உண்டு. நம்மைப் போன்றவர்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஆனால் அதிகம் பேசப்படாதது.

'தமிழ்ச்செல்வி' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு 7 எழுத்து. ஆனால் யூனிகோடில் 13 குறியீடுகள். காரணம், 'மி' என்பதை 'ம' ஒன்று, இகரக் குறி ஒன்று என்று இரண்டாகத்தான் கணினி வைத்துக்கொள்ளும். பரவலாகப் பயன்படும் யூ.டி.எஃப்-8 முறையில் இது 39 பைட்.

இப்போது ஒரு விண்ணப்பத்தில் பெயருக்கு 10 குறியீடு மட்டும் இடம் விட்டால், அந்தப் பெயர் 'தமிழ்ச்செல' என்று பாதியில் வெட்டுப்படும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்த டெஸ்டருக்கு இது கடைசிவரை தெரியாது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு அலைவது தமிழ்ச்செல்விதான்.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2018 பிப்ரவரியில், ஒரே ஒரு தெலுங்கு எழுத்து மெசேஜில் வந்தால் ஐபோனில் ஆப்கள் முடங்கின. அதைச் சரிசெய்ய ஆப்பிள் அவசரமாக ஐ.ஓ.எஸ் 11.2.6 என்ற அப்டேட்டை வெளியிட்டது.

மேனுவலா, ஆட்டோமேஷனா?

மூன்றாவது பெரிய பிரிவு, சோதிப்பது மனிதரா, மென்பொருளா என்பது.

ஒவ்வொரு வாரமும் அதே 500 சோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்யணும் என்றால் அதை ஆட்டோமேஷனுக்கு விடலாம். மனிதருக்குச் சலிப்பு வரும், இயந்திரத்துக்கு வராது. ரிக்ரெஷன், லோட் டெஸ்டிங் போன்றவை இதற்கு ஏற்றவை. லட்சம் பேரைக் கூப்பிட்டு ஒரே நேரத்தில் கிளிக் பண்ணச் சொல்ல முடியாதே! பிரவுசர் சோதனைக்கு 2004-ல் உருவான செலினியம், மைக்ரோசாஃப்டின் பிளேரைட், மொபைலுக்கு ஆப்பியம், லோட் சோதனைக்கு ஜேமீட்டர் ஆகியவை பிரபலமான கருவிகள்.

ஆனால் ஆட்டோமேஷன், சொன்னதை மட்டுமே பார்க்கும். சொல்லாததை மனிதர்தான் பார்க்கணும். எழுதிவைத்த பட்டியல் இல்லாமல் 'இப்படிப் பண்ணினா என்ன ஆகும்' என்று தோண்டிப் பார்ப்பதற்கு எக்ஸ்ப்ளோரேட்டரி டெஸ்டிங் என்று பெயர்.

1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம் 6 நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் உயிரிழந்தார்கள். டெக்சாஸில் ஒரு விபத்துக்குப் பிறகு பொறியாளர்கள் வந்து இயந்திரத்தைச் சோதித்தார்கள். எந்தக் கோளாறும் தெரியவில்லை. இயந்திரம் மறுபடியும் பயன்பாட்டுக்கு வந்தது. அடுத்த மாதமே இன்னொரு நோயாளி பாதிக்கப்பட்டார்.

அப்போதுதான் அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயந்திரத்தை இயக்கிய ஊழியரும் சேர்ந்து உட்கார்ந்து, அன்று என்ன நடந்ததோ அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். காரணம் கிடைத்தது. அனுபவம் உள்ள அந்த ஊழியர் மிக வேகமாக டைப் செய்வார். தவறாகக் கொடுத்த சிகிச்சை முறையைச் சில விநாடிகளுக்குள் திருத்தினால், திரையில் திருத்தம் தெரியும், ஆனால் இயந்திரம் அதைக் கவனிக்காது. பொறியாளர்கள் மெதுவாக டைப் செய்ததால் அவர்களுக்கு அந்தத் தவறு வரவே இல்லை.

தினமும் பயன்படுத்துபவரைப் போலச் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

ஒரே பார்வையில்: எந்தச் சோதனை எந்தக் கேள்விக்கு?

* யூனிட்: இந்தத் துண்டு தனியாகச் சரியா? செய்பவர் டெவலப்பர்.
* இன்டக்ரேஷன்: இரண்டு துண்டுகள் ஒன்றையொன்று புரிந்துகொள்கின்றனவா? டெவலப்பர் அல்லது டெஸ்டர்.
* சிஸ்டம்: முழு அமைப்பும் உண்மைச் சூழலில் ஓடுகிறதா? டெஸ்டிங் குழு.
* அக்செப்டன்ஸ்: கேட்டது இதுதானா? வாடிக்கையாளர், பயனர்.
* ஸ்மோக்: மேற்கொண்டு சோதிக்கத் தகுதி இருக்கா?
* சானிட்டி: மாற்றிய பகுதி பரவாயில்லையா?
* ரீடெஸ்டிங்: பழைய தவறு போய்விட்டதா?
* ரிக்ரெஷன்: புதிதாக வேறு எதுவும் கெட்டதா?
* லோட், ஸ்ட்ரெஸ்: கூட்டம் தாங்குமா? எப்போது உடையும்?
* செக்யூரிட்டி: திருடன் நுழைய முடியுமா?
* லோக்கலைசேஷன்: என் மொழியில் ஓடுமா?

அப்போ கிரவுட்ஸ்ட்ரைக் எங்கே தவறியது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். நிறுவனமே வெளியிட்ட அறிக்கையின்படி, அந்த அப்டேட்டின் வடிவத்தில் 21 கட்டங்கள் இருந்தன. ஆனால் கணினியில் இருந்த மென்பொருள் 20 கட்டங்களுக்குத்தான் தகவல் கொடுத்தது.

முந்தைய சோதனைகளில் இது ஏன் தெரியவில்லை? அந்தச் சோதனைகளில் 21-வது கட்டத்தில் 'எது வந்தாலும் சரி' என்று அர்த்தம் தரும் குறியைப் போட்டிருந்தார்கள். அதனால் அந்தக் கட்டத்தை மென்பொருள் எட்டிப் பார்க்கவே இல்லை. எல்லா டெஸ்டும் பாஸ்.

ஜூலை 19 அன்று முதன்முறையாக 21-வது கட்டத்தில் உண்மையான ஒரு மதிப்பு வந்தது. மென்பொருள் அதைத் தேடிப் போனது. இல்லாத இடத்தைப் படிக்க முயன்றது. கணினி விழுந்தது. அப்டேட்டைச் சரிபார்க்க வேண்டிய இன்னொரு மென்பொருளிலும் பிழை இருந்ததால் அதுவும் தடுக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அப்டேட்டை முதலில் கொஞ்சம் கணினிகளுக்கு அனுப்பிப் பார்த்து, பிறகு மற்றவற்றுக்கு அனுப்பும் முறையைப் பின்பற்றவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது. இனி இப்படிப்பட்ட அப்டேட்களைக் கட்டம் கட்டமாக அனுப்புவோம் என்று நிறுவனம் பிறகு அறிவித்தது.

ஆக, சோதனை நடந்தது. சோதிக்க வேண்டிய அந்த ஒரு கட்டம் மட்டும் சோதனைக்குள் வரவில்லை.

இந்த வேலைக்குப் போகலாமா?

பி.இ, பி.எஸ்.சி மட்டுமல்ல, வேறு பட்டம் படித்தவர்களும் ஐ.டி-க்குள் நுழையும் கதவாக டெஸ்டிங் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. அடிப்படைச் சான்றிதழாகப் பலரும் எழுதுவது ஐ.எஸ்.டி.க்யூ.பி ஃபவுண்டேஷன் தேர்வு. 40 கேள்விகள், 60 நிமிடம், 26 சரியாக எழுதினால் பாஸ்.

'கோடிங் பிடிக்காதவர்கள் டெஸ்டிங் போகலாம்' என்று இன்னமும் சொல்கிறார்கள். மேனுவல் டெஸ்டிங்கில் தொடங்க அது சரி. ஆனால் ஆட்டோமேஷன் பரவிவிட்டதால் ஜாவா அல்லது பைத்தான், கூடவே எஸ்.க்யூ.எல் கொஞ்சம் தெரிந்திருந்தால்தான் மேலே போக முடியும். டெஸ்ட் கேஸ் எழுதிக் கொடுக்க இப்போது ஏ.ஐ கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் ஊழியர் வேகமாக டைப் செய்தால் என்ன ஆகும் என்ற சந்தேகம் வருவது இன்னும் மனிதரின் வேலைதான்.

இன்னொன்று, நன்றாக எழுதத் தெரிய வேண்டும். 'ஆப் வேலை செய்யலை' என்பது பக் ரிப்போர்ட் இல்லை. எந்த போன், எந்தப் பதிப்பு, என்னென்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று வரிசையாகச் சொன்னால்தான் சரிசெய்ய முடியும்.

சிவியாரிட்டி, பிரயாரிட்டி வித்தியாசமும் தெரிந்திருக்கணும். தவறு எவ்வளவு பெரிய பாதிப்பைத் தரும் என்பது சிவியாரிட்டி. எவ்வளவு சீக்கிரம் சரிசெய்யணும் என்பது பிரயாரிட்டி. ஒரு செய்தித் தளத்தின் முகப்பில் முதலமைச்சர் பெயரில் எழுத்துப்பிழை வந்தால் தளம் விழுந்துவிடாது, சிவியாரிட்டி குறைவு. ஆனால் அதை எந்த வேகத்தில் திருத்துவார்கள் என்று சொல்லத் தேவையில்லை!

பயனராக நீங்கள் என்ன செய்யலாம்?

* பெரிய அப்டேட்டுக்கு முன் போனில் இருப்பதை பேக்கப் எடுங்கள். ஆனால் செக்யூரிட்டி அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.
* பணம் செலுத்தும் போனில் பீட்டா பதிப்புகளைத் தவிர்ப்பது நல்லது.
* தவறு வந்தால் ஸ்க்ரீன்ஷாட், நேரம், பரிவர்த்தனை எண் மூன்றையும் எடுத்து வையுங்கள்.
* 'சிஸ்டம் அப்படித்தான் காட்டுது' என்று யாராவது சொன்னால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள்.

கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் இல்லை. பிரிட்டனில் தபால் துறையின் 'ஹொரைசன்' கணக்கு மென்பொருள், இல்லாத பணக் குறைவைக் காட்டியது. மென்பொருள் தவறு செய்யாது என்று நம்பி, 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட கிளைத் தபால் நிலைய நடத்துநர்கள் மீது திருட்டு, மோசடி என்று குற்றம் நிரூபணமானது. சிலர் சிறைக்கே போனார்கள். 2024 மே மாதம் தனிச் சட்டம் கொண்டுவந்துதான் அந்தத் தண்டனைகளில் பலவற்றை ரத்து செய்தார்கள்.

சோதனைகள், தவறு இருப்பதைக் காட்டும். தவறே இல்லை என்று எந்தச் சோதனையாலும் நிரூபிக்க முடியாது. டெஸ்டிங் படிப்பவர்களுக்கு முதல் பாடமே இதுதான். அதனால் அடுத்த முறை 'எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு' என்று யாராவது சொன்னால், எந்த டெஸ்ட் என்று தாராளமாகக் கேட்கலாம்.